சாரல் அடிக்கிற பக்கம்

கண்ணைத் திறப்பதற்கு முன்னால் தெற்கு என்று சொல்லிக்கொண்டாள் உலகம்மாள், உதடு அசையாமல், பரீட்சை அறை வாசலில் நின்று சூத்திரம் ஒப்பித்துப் பார்க்கிற பிள்ளையைப்போல. தலைமாடு தெற்கு, கால்மாடு வடக்கு, வலக்கைப் பக்கத்துச் சுவர் கிழக்கு, இடக்கைப் பக்கம் மேற்கு. மனது சரி என்றது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பைப் பொறுத்தவரை அவள் வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தாள், வைக்கவே கூடாத திசையில், செங்கோட்டைக்குத் திரும்பி இந்த மாடிப் போர்ஷனுக்கு வந்த பத்தொன்பது நாளாக. மூன்றாம் நாளே போனில் திசைகாட்டியைத் திறந்து பாய்மேல் வைத்துப் பார்த்தாயிற்று. முள் அவள் கால்விரலைக் காட்டி அதுதான் வடக்கு என்று நடுங்கி நின்றது. அவளும் தலையை ஆட்டினாள். ஆனால் போனை அணைத்த மறுநிமிஷம் அறை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பழையபடி தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கிழக்கு, மேற்கு என்று நாலு தாளில் எழுதி நாலு சுவரிலும் ஒட்டிவிடலாம்தான். நாக்கு இருக்கிற இடத்தை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு யாராவது சாப்பிடுவார்களா. கண்ணைத் திறந்தாள். வலக்கைப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், எலெக்ட்ரீசியன் சங்கிலி தப்பாகப் போட்ட ஓட்டை விடிந்திருந்தது. மிளகளவு வெளிச்சம். வெளியே மேகம் மூட்டம் போட்டிருந்தாலும் அந்த மிளகு மட்டும் தினமும் தவறாமல் விடிந்துவிடும். கிழக்கு, உலகு, இதுதான் கிழக்கு என்று சொல்லும். தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து பாயைச் சுருட்டினாள். இன்றைக்கு எட்டரைக்குள் தெரிந்தாக வேண்டும். அந்த ஓட்டைக்கு என்ன, அதற்கு லாரியா வருகிறது.

லாரி வந்துகொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் மெட்ராஸில் ஏற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு அட்டைப்பெட்டி, ஒரு கட்டில், அம்மாவின் மரபீரோ, கால் ஆடுகிற ஒரு மேஜை, ஒரு வருஷமாக மாதவரத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் இருட்டில் கிடந்தவை. பார்சல் ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன். ரசீதில் இரண்டு விலாசம் எழுதச் சம்மதித்தான். ஒன்று செங்கோட்டை, இன்னொன்று கோட்டயம். லாரி எப்படியும் மலை தாண்டிக் கோட்டயம் வழியாகத்தான் போகிறது மேடம், டிரைவர் தென்காசி தாண்டியதும் உங்களைக் கூப்பிடுவார், இறக்குவதா கொண்டுபோவதா என்று அப்போது சொல்லுங்கள், இதற்கு மேல் நான் தள்ளிப்போட முடியாது என்றான். அவன் குரலில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது, நாற்பத்தெட்டு வயசில் தன் கட்டில் எந்த ஊரில் கிடக்க வேண்டும் என்று தெரியாத பொம்பளையும் உண்டா என்பதுபோல. உண்டு. கோட்டயத்தில் சூசம்மா இருந்தாள். ஹம்பியில் ஒரே ஆட்டோவில் ஏறி, அதற்குப் பிறகு நாலு மாதம் ஒரே ரயில்களில் ஏறிய சூசம்மா. ஆற்றோரம் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற எட்டு அறை வீடு நடத்துகிறாள். உனக்கு மலையாளமும் எழுதத் தெரியும் தமிழும் எழுதத் தெரியும், வந்து என்கூட இரு, மாடியில் ஆற்றைப் பார்த்த அறை உனக்கு என்று வாரம் இரண்டு தடவை போன் போடுகிறாள். உலகம்மாளும் இதோ இதோ என்கிறாள். இந்த ஊரிடமும் இதோ இதோ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஊர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கேட்டால் பதில் சொல்லலாம்.

அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்குவதைப் பார்க்கிற சாக்கில் நின்றாள். பார்க்கவில்லை. டீத்தூள் டப்பா எங்கே. வந்த அன்றைக்கு வீட்டுக்காரி செண்பகம் மதினி ஏறி வந்து, டீத்தூளும் சீனியும் வாங்கி வச்சிருக்கேன், அடுப்புக்குக் கிழக்க தட்டுல இருக்கு பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவ்வளவுதான், இந்த ஊரில் ஒரு சாமான் இருக்கிற இடத்தைச் சொல்ல அதுவே போதும். ரெண்டு எட்டு மேக்க தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்கி. உன் வடக்குக் காதுல கம்மல் திருகு கழண்டு நிக்கி. பஸ்ஸில்கூட, தெக்க நகந்து உக்காருங்க அண்ணாச்சி. இடம் வலம் என்பது இங்கே ஆளோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கிற, நம்பத் தகாத சங்கதி, லெஃப்ட் ரைட் என்பது போலீஸ் பரேடுக்கு. அவளும் இந்தப் பேச்சில்தான் வளர்ந்தாள். இருபத்தைந்து வருஷம் மெட்ராஸில் இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதுகூட அந்த முள் உள்ளே நின்றுகொண்டுதான் இருந்தது, யாரும் கேட்காவிட்டாலும். இப்போது இல்லை. அதாவது இருக்கிறது, முன்னுக்குப் பின்னாக. போன வாரம் சங்கிலியை வரவழைத்து, மேஜை லைட்டுக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் தம்பி, கிழக்குச் சுவரில் போடு, வெளியே மீட்டர் வரைக்கும் வயர் போகிற மாதிரி என்று சொல்லி, கையையும் நீட்டிக் காட்டிவிட்டு, கீழே மதினி கூப்பிட்டாள் என்று இறங்கினாள். திரும்பி வந்தபோது அவள் காட்டிய சுவர் முழுசாக இருந்தது. எதிர்ச் சுவரில் துளைபோட்டு, முழங்காலில் சுண்ணாம்புத் தூளோடு சங்கிலி உட்கார்ந்திருந்தான். நான் அங்கேயல்லவா காட்டினேன் என்றாள். அவன் நிதானமாக ஊதித் தூளைத் தட்டினான். “கை காட்டுனீய, பாத்தேன்க்கா. ஆனா வாயி கிழக்கன்னுச்சு. கை அங்கிட்டும் ஆடும் இங்கிட்டும் ஆடும். நாங்க வாயைத்தானே கேக்கணும்.”

அதில் கேலியே இல்லை. அதுதான் சுருக்கென்றது. வாய் கிழக்கு என்றால் கிழக்கு. இந்த ஊரில் பிறந்த வாய் திசையில் பொய் சொல்லாது என்று ஒரு மனுஷன் நம்பிச் சுவரைத் துளைத்திருக்கிறான், கண்ணால் கண்டதை விட்டுவிட்டு. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துத் துணியால் துடைக்கும்போது தீய்ந்த பால் வாசனை வந்தது, அதோடு புனலூர் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை, கரி எஞ்சின் புகையும் பாலும். அப்பாவுக்குப் புனலூரில் ரயில்வே கூட்ஸ் கிளார்க் வேலை. மூன்றாம் வகுப்புவரை மலையாளப் பள்ளிக்கூடம். தங்கம்மா டீச்சர் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி, கிழக்கு எவிடெயா மோளே என்று கேட்பாள், நாற்பது விரலும் மலையைக் காட்டும். மலைதான் கிழக்கு. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். பிறகு அப்பாவுக்குச் செங்கோட்டைக்கு மாற்றலாகி, பாத்திரப் பண்டத்தோடு ஒரு மத்தியானம் ரயிலேறினார்கள். ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் ரயில் நுழைந்தது. கூவிக்கொண்டே போயிற்று. அம்மா அவள் கண்ணில் கரி விழாமல் முந்தானையால் மூடினாள். முந்தானையை எடுத்தபோது வெளிச்சம், காய்ந்த வெளிச்சம், தென்னைக்குப் பதில் பனை. மலையை யாரோ தூக்கிக் கொண்டுபோய் மேற்கே வைத்திருந்தார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் படம் வரையச் சொன்னார்கள். அவள் மலையைக் கிழக்கே வரைந்தாள். வகுப்பே சிரித்தது. மலைதூக்கி என்று அவளுக்கு ஒரு வருஷம் பெயர் நிலைத்தது. பதினோரு வயசில் தானாகவே ஒரு நாள் கண்டுபிடித்தாள், கிழக்கு என்றால் கீழே, மேற்கு என்றால் மேலே, அவ்வளவுதானா என்று. மேலே மலை இருப்பதால் மேற்கு. அப்படியானால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் உயரத்தில் இருக்கிற மலையைப் போய்க் கீழே, கிழக்கு, என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மலை ஏறி இறங்கிப் போனவர்கள் சொல்லை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மலை வேறு பக்கம் போய்விட்டதைப் பார்க்காமல். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அம்மாவிடம் சொன்னபோது, இதுக்கா இவ்வளவு நேரம் பிடிச்சுது உனக்கு என்றாள்.

டீயை டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். மலை இல்லை. பத்தொன்பது நாளாக இல்லை. ஆனி மாதம் பிறந்ததிலிருந்து மேகம் இறங்கி, மலை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் நிற்கிறது, தெருக்கோடிப் புளியமரத்துக்கு அப்பால் உலகமே முடிந்துபோன மாதிரி. ஒரு தடவை தெரிந்தால் போதும் என்று முதல் வாரம் நினைத்தாள். தெரிந்தால் எல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கி இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். தெரியாமலே போனால். தெரிந்தும் உட்காராமல் போனால். நினைப்பு அந்த இடத்தில் வந்ததும் வழக்கம்போல் முள்ளில் சேலை மாட்டினமாதிரி நின்றது, ஏனென்றால் அதற்கு அடுத்து இருப்பது அம்மா. அம்மா உப்பு ஜாடியோடு நின்றது. அறுபது வயசில் மெட்ராஸ் பிளாட்டுக்கு வந்த அம்மா, வந்து ஒரு மணி நேரத்தில், லிஃப்ட் ஏறி இறங்கி எல்லாம் சுற்றிக்கொண்டு வந்த பிறகும், அந்த டம்ளரைக் கொஞ்சம் கிழக்க தள்ளி வையி என்று சரியாகச் சொன்ன அம்மா. எட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் சமையல்கட்டில் உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். ஏளா, மேக்க எது என்று கேட்டாள். உலகம்மாள் ஆபீஸ் போனில் இருந்தாள். கையை நீட்டிக் காட்டினாள், பேச்சை நிறுத்தவில்லை, அங்கே என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. ஏளா, மேக்க எது. அம்மா அவள் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள், நம்பாமல். அன்றைக்குத்தான் ஆரம்பம் என்று டாக்டர் பிறகு கேட்டபோது தெரிந்தது. முதலில் என்ன மறந்தார்கள் என்று கேட்டார். பேரா, தேதியா. மேற்கு என்றாள் உலகம்மாள். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மேக்கிலிருந்து மகளின் பெயர்வரைக்கும் அம்மாவுக்கு நாலு வருஷம் பிடித்தது.

அம்மா போய் ஐந்தாம் மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, சாமானைக் கிட்டங்கியில் போட்டுவிட்டு, ஒரு முதுகுப்பையோடு கிளம்பினாள். யார் யாரோ தைரியம் என்றார்கள். தைரியமா அது. நல்ல வருஷம்தான், பொய் சொல்லக் கூடாது. லடாக்கில் ஒரு கிழவர் கொடுத்த உப்பு டீ, ஹனோயில் தெருமுழுக்கத் தாழ்வான முக்காலிகள், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் அவள் தமிழைக் கேட்டுவிட்டு வாயில் கைவைத்துச் சிரித்தது, சூசம்மாவோடு சேர்ந்து ரயில் கதவோரம் உட்கார்ந்து தின்ற வேர்க்கடலை. எல்லா ஊரிலும் போனில் ஒரு நீலப்புள்ளி. அந்தப் புள்ளிதான் அவள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊர்ப்படம் கூடவே திரும்பிக் கொடுத்தது. எதிரே இருப்பது எப்போதும் மேலே. மரியாதையான ஏற்பாடு. யாரும் எங்கேயும் அவளிடம் வடக்கு எது என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் உலகம் முழுக்க அவளைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருந்தது, அந்தச் சுகத்தில் உள்ளே இருந்த முள் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. அப்படித்தானே. அவ்வளவுதானே. இல்லை, அம்மாவுக்குக் கழன்றதுதான் எனக்கும் கழன்றிருக்கிறதா. நாற்பத்தெட்டில் வருமா. அம்மாவுக்கு அறுபத்தெட்டில் வந்தது. இருபது வருஷம் முந்திக்கொண்டு வருமா. வராது என்று யார் சொன்னார்கள். இங்கேதான் சூசம்மாவின் ஆற்றைப் பார்த்த அறை மறுபடி மறுபடி கதவைத் திறந்துகொண்டு வந்தது. அங்கே வந்து தங்குகிற எல்லாருமே திசை தெரியாதவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவளுக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது. இங்கே, ஒரு டீத்தூள் டப்பா எடுப்பதற்குள் தெரிந்துவிடும். ஏளா, மேக்க எது. இங்கே அதை வாய்விட்டுக் கேட்கிற நாள் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். டீ ஆறிவிட்டது. குடித்தாள்.

மணி எட்டு. துவைத்த துணி பக்கெட்டில் நேற்றிலிருந்து ஊறிக் கிடந்தது. மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினாள். இங்கே அதற்குத் தட்டட்டி என்று பெயர், அந்தச் சொல் மட்டும் வந்த அன்றே வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது, டப்பா எடுக்கத் தெரியாத வாயில். தகரம் போட்ட பாதித் தட்டட்டியில் செண்பகம் மதினி ஏற்கெனவே நின்று, தன் புருஷன் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள். சாரல் காலத்தில் துணி காய்வதில்லை, வாசனை மாறுவதற்காகத்தான் கொடியில் போடுவது. போன தடவை காயப்போட்டது இன்னும் ஈரமாக இருக்கு, அடுத்த தைக்கு மடிச்சுரலாம் என்றாள் மதினி. உலகம்மாள் சிரித்தாள். மதினி கிளிப்பை வாயில் கவ்வியபடி, சாமான் இன்றைக்கு வருகிறதாமே, அவுக உன் மேஜையை நினைச்சு வாசக்கதவை அளந்து பாத்துட்டு இருக்காவ என்றாள். வருமா வராதா என்று இன்னும் சொல்லவில்லை மதினி என்று சொல்ல வாய் எடுத்தவள், எப்படி என்று தெரியவில்லை, வேறொன்றைச் சொன்னாள். “மதினி, எனக்குத் திக்கு மாறிக் கிடக்கு. வந்த நாள்லருந்து.”

சொன்னதும் பக்கெட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மதினி வேட்டியின் அடுத்த முனைக்குக் கிளிப் மாட்டினாள். “அதான் தெரியுமே. வந்த மறுநாளே கோலப்பொடி டப்பாவை எடுன்னேன், எதுத்த சுவத்துல தடவிட்டு நின்னே. சங்கிலிப்பய வேற போட்ட ஓட்டையைத் தெருப்பூரா சொல்லிட்டான். இவுகளுக்குத்தான் அன்னிக்குப் பூரா சிரிப்பு. உலகம்மான்னு பேரை வச்சுக்கிட்டு உலகத்தையெல்லாம் சுத்திட்டு வந்துட்டா, வீட்டுக்குள்ள கிழக்க எதுன்னு தெரியலங்காவ.” உலகம்மாளுக்கு முகம் சூடாகி, உடனே ஏனோ காலியாகி, லேசாயிற்று. தெருவே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தது போன வாரமே பார்த்துவிட்டு அதனதன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறது. பயமாயிருக்கு மதினி, அம்மாவுக்கு முதலில் இதுதான் போச்சு என்றாள். மதினிக்கு அம்மாவைத் தெரியும், கேள்விப்பட்டிருக்கிறாள். கொடியில் வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, “ஒங்கம்மைக்குத் தெரிஞ்சிருந்தது மறந்துபோச்சு. நீ வண்டியில தூங்கி எந்திரிச்சு எறங்குனவ. அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றாள். “நான் கடையத்துலருந்து வாக்கப்பட்டு ராத்திரி கார்ல வந்து எறங்குனேன். ஆறு மாசம் சூரியன் எனக்கு வடக்கதான் உதிச்சுது. யார்ட்டயும் சொல்லல, பைத்தியம்பாவன்னு. மாமியா கிழக்கன்னா மனசுக்குள்ள வடக்கன்னு சொல்லிக்கிடுவேன், ஒரு மாதிரி ஓட்டிட்டேன்.” எப்போது சரியாயிற்று என்று கேட்டாள் உலகம்மாள். மதினி யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், கையில் ஈரத்துண்டு சொட்டிக்கொண்டிருக்க. “யாருட்டி அதைக் கவனிச்சா” என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிழிந்தாள்.

ஈரப் படுக்கைவிரிப்பை எடுத்து உதறினாள் உலகம்மாள். பெரிய விரிப்பு, நனைந்தபின் ஒரு ஆள் கனம். காற்று அதைப் பிடித்துக்கொண்டு அவள்மேலேயே சாத்திற்று, மூஞ்சியிலும் நெஞ்சிலும் சில்லென்று ஒட்டிக்கொண்டது. மறுபடி உதறினாள், மறுபடி. இந்தக் காற்றை எதிர்த்து மல்லுக்கு நின்று என்ன, இந்தப் பக்கமாக நின்று போட்டால் அதுவே விரித்துக் கொடுக்கும் என்று கொடிக்கு அடுத்த பக்கம் போனாள். காற்று விரிப்பை முறம்போல் புடைத்துக்கொடுத்தது. கிளிப் எடுக்கத் திரும்பியபோது சாரல் நேராக நெற்றியில் விழுந்தது, பொடிப் பொடியாக, மழை என்று சொல்லவும் முடியாமல். பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்துக்கு மலையைப் பார்த்து நிற்கும்போது இப்படித்தான் விழும். எல்லாப் பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். அழுகிறதா பாடுகிறதா என்று தெரியாது. போன் இடுப்பில் அதிர்ந்தது. ஒரு கையில் விரிப்பு, வாயில் கிளிப். எட்டு இருபத்தாறு. இரண்டு பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள், ராத்திரியிலிருந்து. இறக்கிடுங்க. கொண்டு போயிடுங்க. இரண்டையும் சொல்லிப் பார்த்திருந்தாள், எதைச் சொன்னால் குரல் நடுங்குகிறது என்று. கிளிப்பைத் துப்பிவிட்டுப் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். பார்சல் லாரி டிரைவர், அன்பழகன் என்று பெயர் சொன்னான், வந்தவாசிப் பக்கத்துப் பேச்சு. தென்காசி தாண்டிவிட்டேன் மேடம், ஒரு பெட்ரோல் பங்க்கிடம் ஓரம் கட்டியிருக்கிறேன், இங்கே ரோடு ரெண்டாகப் பிரிகிறது, சீட்டில் ரெண்டு அட்ரஸ் இருக்கே, இப்ப நான் என்ன பண்ணட்டும் என்றான். விரிப்பு கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. அதை இழுத்துக் கொடியில் அடித்துக்கொண்டே சொன்னாள்.

“நேரா மேக்க போயிராதீய. அது மலை தாண்டிப் போற ரோடு. நீங்க வடக்க திரும்புங்க. ரேஷன் கடை தாண்டினா கிழக்க பாத்த பச்சைக் கேட்டு.”

“வடக்கன்னா லெஃப்டா ரைட்டா மேடம்?”

வாயைத் திறந்தாள். லெஃப்ட், ரைட். அவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான், அவனுடைய ரைட்டா ரோட்டுடைய ரைட்டா, ஒரு வருஷம் அதிலேயே குடியிருந்த அந்த இரண்டு சொல்லும் இப்போது பல்லிடுக்கில் பாக்குத் துண்டு மாதிரி எங்கேயோ அகப்படாமல் நின்றன. மலை தெரிகிறதா என்று கேட்டாள். எங்க மேடம் மலை, ஒரே வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியல என்றான் அன்பழகன். சரி, வண்டியை விட்டு இறங்குங்கள் என்றாள். மழை பெய்யுதே மேடம். “அது மழை இல்ல, சாரல். ஒண்ணும் பண்ணாது. எறங்கி நின்னு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. எங்க பாத்து நின்னா மூஞ்சியில அடிக்கி?” கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த கொடியில் மதினி கை நின்றுவிட்டது. பத்து மைலுக்குள் எங்கேயோ ஒரு வந்தவாசிக்காரன் பெட்ரோல் பங்க் வாசலில் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். இப்ப அடிக்குது மேடம், கண்ணைத் தெறக்க முடியல என்றான். “அதான் மேக்க. அப்படியே நின்னு ஒங்க சோத்துக்கைப் பக்கம் பாருங்க. ரோடு இருக்கா?” இருக்கு, ஒரு டீக்கடையும் இருக்கு என்றான். “அதுல வாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அவன், ரைட்டுன்னு சொல்லியிருக்கலாமே மேடம், நனைஞ்சிட்டேன் என்றான், குறையாகவும் இல்லாமல். டீ குடித்துவிட்டு வாங்கள், மேஜை கனம் என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசிக் கிளிப்பை மாட்டினாள். மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், எடது வலதுல வளந்த பிள்ளை போல என்று டிரைவருக்காக இரக்கப்பட்டுவிட்டு, “கட்டிலை எங்கன போடச் சொல்ல?” என்று கேட்டாள், படியில் கால் வைத்தபடி, அண்ணாச்சியிடம் சொல்லி ஆள் கூப்பிட வேண்டுமே என்கிற அவசரத்தில். கிழக்குச் சுவரை ஒட்டிப் போடலாம் மதினி, ஆனால் அந்த ஓட்டை மறையாமல் ஒரு சாண் தள்ளி என்றாள் உலகம்மாள். சங்கிலியை வரச்சொல்லி அடைச்சிருவமா அதை என்றாள் மதினி. இருக்கட்டும். பிளக்கை வேண்டுமானால் மேற்குச் சுவரில் புதிதாகப் போடச் சொல்லுங்கள், இந்தத் தடவை வாய் ஒழுங்காகச் சொல்லும் என்றாள். மதினி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். சூசம்மாவுக்கு மத்தியானம் போன் போட வேண்டும். அழுவாள், திட்டுவாள், மலையாளத்தில் நன்றாகத் திட்டுவாள், பிறகு ஆவணியில் கிளம்பி வந்துவிடுவாள், அவளுக்கு இந்தப் பக்கத்து மலையைக் காட்ட வேண்டும், மேகம் விலகியிருந்தால். அம்மாவின் பீரோவில் என்ன வைத்தோம், ஞாபகமில்லை, திறந்தால் தெரிகிறது. உப்பு ஜாடி ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கும். இருபத்திரண்டில் எது என்று எழுதவில்லை. காலி பக்கெட்டைத் தூக்கினாள். வரிசையாகத் துணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தன, வேட்டியும் விரிப்பும் மதினியின் உள்பாவாடையும். மலை இருக்கிற இடத்தில் மேகம் அப்படியே நின்றது. தெற்கே, ரேஷன் கடைப் பக்கத்தில், லாரி ஹாரன் இரண்டு தடவை கேட்டது. உலகம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அந்தப் பக்கமே பார்த்துக் கையை உயர்த்தினாள்.